பிரேக் கெட்டுப்போகவில்லை

அன்புள்ள பாபு,

உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போடாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டேன், ஆறாவதை உங்கம்மாதான் வைக்கவில்லை. புதுச்சேரியில் ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏழு நாள் ஊசியில் இன்று ஐந்தாவது நாள். வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவதால் இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் நான் எதையாவது சொல்லி முடித்திருக்கிறேனா? "சரிப்பா, சரிப்பா, ஷிப்டுக்கு டைம் ஆச்சி" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஊசிக்கு இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள், நான் தனியாக உளுந்தூர்பேட்டைக்குப் போய், நீ கட்டப் போகிற சங்கீதா வீட்டில் உட்கார்ந்து, எனக்கு வந்திருப்பது சர்க்கரை வியாதி இல்லை, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தில் வரும் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும், வந்தால்தான் மீதியையும் படிப்பாய்.

பொய்யைத் தொடங்கி வைத்தது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மாமன்தான் நிச்சயத்துக்கு முந்தின வாரம் வந்து, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம், நாம் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதானே என்றான். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் பொறுப்பு, அதை உன் மேல் போட மாட்டேன். அந்தப் பழமொழியே 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்பதுதான், வாய்க்கு வாய் மாறிப் பொய்யாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உன் மாமனுக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொண்டான். மாதா மாதம் ஒரு வாரம் நான் ஊரில் இல்லாததற்கு ஒரு காரணம் வேண்டும், சர்க்கரை என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டோம். சம்பந்தியம்மாவே பத்து வருஷமாகச் சர்க்கரைக்காரி என்பதுதான் நம் கணக்கில் வராமல் போயிற்று. நிச்சயத்தன்று எல்லார் இலையிலும் ஜாமூன் விழுந்தது, என் இலையைத் தாண்டிப் போனது. அந்த அம்மா எனக்கென்று தனியாக வேகவைத்த கொண்டைக்கடலையும் ஒரு தம்ளர் பாகற்காய்ச் சாறும் கொண்டு வந்து வைத்து, குடிக்கிறேனா என்று நின்று பார்த்தார். குடித்தேன். நீ எதிர்ப்பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அப்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது.

இப்போது என் நோயைப் பற்றி நீ கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். நீ டாக்டரிடம் ஒரு தடவைதான் வந்தாய், வந்தபோதும் 'எவ்வளவு நாள்' என்பதை மட்டும் கேட்டாய். அப்புறம் செல்போனில் எதை எதையோ தேடிப் படித்துவிட்டு, அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். இத்தனை மாதமாக உன் முகத்தில் இருப்பது என்னைப் பற்றிய கவலை மட்டுமில்லை, உன்னைப் பற்றிய பயமும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயந்தவன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேன். என் முதல் கேள்வியே அசட்டுக் கேள்விதான், இருந்தாலும் கேட்டேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'குடும்ப வரலாறு' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதில் 'பூர்வீகம் களமருதூர், என் தகப்பனார் காலம் வரை கூலி வேலை, நான் முதல் டிரைவர்' என்று இடம் போதாமல் ஓரத்திலும் எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். படித்துவிட்டுச் சிரிக்காமல், "உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி நோய் இருந்ததான்னு கேட்டிருக்காங்க ஐயா" என்றார். யாருக்கும் இல்லை.

உங்கம்மா செய்தது இன்னொன்று. சில ஜீன்கள் மேல் மெத்தில் ஏறிவிட்டது, அதுதான் கோளாறு என்று டாக்டரம்மா சொன்னதும் உங்கம்மா குறுக்கே புகுந்து, "மெத்தையிலியா? எங்குளுது ஓட்டு வூடு டாக்டர், மெத்தையே இல்லியே" என்றாள். நம் பக்கத்தில் மெத்தை என்றால் மாடிதானே, மாடி ஏறி எதையோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இந்தத் தடவை டாக்டரம்மா நன்றாகச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார்.

நம் மூன்று கலர் பூனை உனக்கு நினைவிருக்கும். ஆண் பூனை என்று சத்தியம் செய்து ராஜா என்று பெயர் வைத்தாய், ராஜா உன் புத்தகப் பெட்டியிலேயே நாலு குட்டி போட்டது. மூன்று கலர் பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்குமாம். நிறம் எழுதிய குரோமோசோம் என்கிற நூல் ஆணுக்கு ஒன்றுதான், பெண்ணுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு வருகிறது. ஒன்றில் கறுப்பு எழுதியிருக்கும், ஒன்றில் செம்பட்டை. குட்டி வயிற்றில் ஒரு பிடி செல்லாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மூடிவிடும். அது பிறகு எத்தனை ஆயிரமாகப் பெருகினாலும் முதலில் மூடியதை மறப்பதில்லை. அதனால்தான் இங்கே ஒரு திட்டு கறுப்பு, அங்கே ஒரு திட்டு செம்பட்டை. உடம்பு முழுக்க இதே கதைதான் என்றார். கண்ணுக்கும் எலும்புக்கும் ரத்தத்துக்கும் ஒரே புத்தகம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது, எதை ஒட்டி வைப்பது என்பதில்தான் கண் கண்ணாகவும் எலும்பு எலும்பாகவும் ஆகின்றன. ஒட்டுவதற்கு ஒரு கூட்டம், ஒட்டியதைப் பிரிப்பதற்கு ஒரு கூட்டம், செல் இரண்டாகும்போது பழைய ஒட்டலைப் பார்த்துப் புதியதிலும் அப்படியே ஒட்ட ஒரு கூட்டம் என்று உடம்புக்குள்ளேயே வேலையாட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் என்சைம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி. அவர்கள் ஒட்டுகிற சின்னஞ்சிறு அடையாளத்துக்குத்தான் மெத்தில் என்று பெயர். நீ உங்கம்மா வயிற்றில் இருந்தபோது அந்த வேலையாட்களுக்கு ஓய்வே கிடையாது. ஒற்றைச் செல்லிலிருந்து உன் மூக்கையும் உன் பிடிவாதத்தையும் செய்து முடிக்க வேண்டுமே.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், எலும்புக்குள் ரத்தம் உண்டாக்கும் செல்களில் ஏதோ ஒன்றில், வயதான பிறகு, பிரிக்கிற வேலையாள் முடமாகிவிட்டான். ஒட்டுகிறவன் ஒட்டிக்கொண்டே போகிறான், பிரிக்க ஆள் இல்லை. அந்தச் செல் பெருகி எலும்புக்குள் ஜாஸ்தி இடம் பிடித்துவிட்டது. பெருக்கம் போதும், நிறுத்து என்று சொல்லும் ஜீன்களும் அதில் ஒட்டுப்பட்டு மூடிக்கொண்டன. "பிரேக் கெட்டுப்போகல ஐயா," என்றார் டாக்டரம்மா. "பிரேக் நல்லாத்தான் இருக்கு. மிதிக்க முடியாம அடியில எதோ சிக்கியிருக்கு." டிரைவருக்குப் புரியட்டும் என்று சொன்ன உதாரணம்தான். நான் அதற்கப்புறம் அவர் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. உங்கம்மா, நோயை நினைத்து இவர் கல்லாகிவிட்டார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நோயை நினைக்கவில்லை.

இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய், நான் கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறி இறங்கும் மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்குகிறேன். கூரையில் கடுக்காய் மூட்டை, உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் இறங்கவில்லை. கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வண்டியை மலைப் பக்கமாகவே உரசவிட்டு நிறுத்தினேன். ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. மற்றவர்கள் இறங்கி நின்று என்னைக் கும்பிட்டார்கள். அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் காலடியில் குனிந்து பார்த்தேன். என் தண்ணீர் பாட்டில். சீட்டுக்குப் பின்னால் செருகச் சோம்பல்பட்டுக் கீழே போட்டிருந்தேன், உருண்டு போய்ப் பெடலுக்கு அடியில் அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் புதருக்குள் வீசினேன். கண்டக்டர் ஓடி வந்து, "இன்னாண்ணே ஆச்சி?" என்றான். பிரேக் பிடிக்கவில்லை என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாம் தானாகவே நடந்தது. வண்டிச் சொந்தக்காரர் எனக்குத் துண்டு போர்த்தினார். நீ பள்ளிக்கூடத்தில் எங்க அப்பா நாப்பது பேரைக் காப்பாத்தினாரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ரஹீம் பாயை வேலையை விட்டு அனுப்பினார்கள். நேத்துதான் பிரேக் லைனரைப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சி என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தோளில் துண்டோடு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பிரேக் பார்க்கத் தெரியாதவர் என்று பெயராகிவிட்டது, கச்சிராயபாளையத்தில் ஒருவரும் அவரிடம் வண்டியை விடவில்லை. குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். நான் எந்தப் பெரிய பாவமும் செய்யாதவன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இதைத் தெரிந்துகொள்.

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்தப் பாட்டில் நினைவுதான். விசாரித்ததில் ரஹீம் பாய் உளுந்தூர்பேட்டையில் லாரி ஷெட் வைத்திருப்பது தெரிந்தது. போன வாரம் போய் அவர் எதிரில் நின்றேன். பாட்டிலைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்பா," என்றார். "பெடலு அடியில பாட்டிலு தேஞ்ச தடம் இருந்துச்சி. நீ மாலையும் துண்டுமா நிக்கிற, நான் சொன்னா எவன் நம்புவான்? நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு வருசம் பாத்தேன். அப்பறம் வுட்டுட்டேன்." எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்து ரோட்டோரமாக நின்று அழுதேன், பாபு. ஐம்பத்தெட்டு வயதில், அத்தனை லாரிக்கு நடுவில். ஷெட்டிலிருந்து சங்கீதா வீடு நடக்கிற தூரம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டிய கால் அந்தப் பக்கம் திரும்பியது.

சம்பந்தியம்மா தனியாக இருந்தார். இன்னா சம்பந்தி, சக்கரை கம்மியாச்சா என்றுதான் வரவேற்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, இது பிள்ளைகளுக்கு வருமா என்று ஒரே கேள்வி கேட்டார். நீ கேட்கப் பயந்த அதே கேள்வி. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன், கவனமாகப் படி. இது நான் பிறக்கும்போது கூட வந்தது இல்லை. என் எலும்புக்குள் ஒரு செல்லில் பின்னால் நேர்ந்தது, உன்னை உண்டாக்கிய வித்தில் அது இல்லை. ரொம்பக் கொஞ்சக் குடும்பங்களில் பரம்பரையாக வருவதும் உண்டு, அது எனக்கு இருக்கிறதா என்று தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள், இல்லை. ஒட்டுகிற அடையாளங்களைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு புது உயிர் உண்டாகும்போது தாய் தகப்பன் மேலிருந்த அடையாளங்களில் அநேகத்தைத் துடைத்துவிட்டு, அதற்கென்று புதிதாக ஒட்டுகிறார்களாம் அந்த வேலையாட்கள். என்னைக் கேட்டால் கடவுள் செய்ததிலேயே நியாயமான காரியம் அதுதான்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. ஊசியில் போவது புத்தகத்தில் இருக்கும் ஓர் எழுத்தைப் போலவே வேஷம் போட்ட எழுத்து. செல் ஏமாந்து அதையும் சேர்த்துக்கொள்கிறது. ஒட்டுகிற வேலையாள் வந்து கை வைக்கிறான், கை அதிலேயே மாட்டிக்கொள்கிறது. அவன் மாட்டிக்கொண்டால் புதிதாக வரும் செல்களில் ஒட்டு கம்மியாகிறது, மூடிய பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. உடம்புக்குள் சொல்லப்படும் இந்த ஒரு பொய்யை மட்டும் நான் அனுமதித்திருக்கிறேன். இது அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கும் மருந்து. முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது மாதத்திலிருந்து எனக்கு ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. மலையில் இறங்குகிறவன் அடுத்த வளைவைப் பார்த்து ஓட்டினால் போதும். நான் ஓட்டுவேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு நோய் புரிந்தது. எழுந்துகொண்டே, "அப்ப ஏன் சக்கரைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். "உங்குளுக்குன்னு நான் தனியா ஒல வெச்சேனே." அவர் உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது சங்கீதா மெடிக்கல் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். அவளிடமும் சொன்னேன். அந்தப் பெண் அதிரவில்லை. சர்க்கரைக்கு எந்த ஊரிலும் மாதா மாதம் ஏழு நாள் தங்கி ஊசி போட மாட்டார்கள் என்று அவளுக்கு நிச்சயத்தன்றே தெரிந்திருக்கிறது. தினமும் நூறு மருந்துச் சீட்டுப் பார்க்கிறவள், அவளிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம் நீயும் நானும். இது சர்க்கரை இல்லை என்று தெரியும், எது என்று தெரியாது. அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் நினைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு அவள் பேசியதை, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், அப்படியே எழுதச் சொன்னதும் அவள்தான்.

"நோயி உங்குளுக்கு வந்துது மாமா, அத நீங்க வந்து சொல்லிட்டீங்க. அவுரு சொல்ல வேண்டியது பாக்கி கீது. பத்திரிக்க அடிக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன். கல்யாணமே வேணாம்னு சொல்லல. நான் சொன்னேன்னே அவுருகிட்ட சொல்லுங்க."

இதற்கு மேல் அப்பா செய்ய ஒன்றுமில்லை. உனக்காக நான் போய்ப் பேசிச் சரிக்கட்டிவிடலாம், உன் மாமனையும் கூட்டிப் போகலாம், அவர்களும் மரியாதைக்குச் சரி என்றே சொல்லலாம். மாட்டேன். நோயை மறைத்ததைக்கூட அந்த வீடு தாங்கிக்கொள்ளும். பயந்தபோது இவன் நம்மிடம் வருவானா, நம்மிடமிருந்து ஒளிவானா என்பதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதை நீதான் காட்ட முடியும். என்னைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்றால் ஏழாவது ஊசி முடிந்த பிறகு திட்டு, கேட்டுக்கொள்கிறேன். முதலில் அவளுக்குப் போன் போடு. 'எங்கப்பா சொல்லிட்டாராமே' என்று ஆரம்பிக்காதே, மாமனை இழுக்காதே. உனக்குப் பயமாக இருந்தது, அதனால் பொய் சொன்னாய். இருக்கிறதே இவ்வளவுதான், இவ்வளவையும் சொல். அவள் திட்டினால் குறுக்கே பேசாதே.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காதாம். நான் கேட்கவில்லை. வாசல் வரை வந்தவள், அவளாகத்தான் சொன்னாள்.

உன் அப்பா